ஆறடிக் குழல்

"குழலுக்குள்ள பேசுப்பா! காத்துல பேசுறதுக்கா இத்தனை கஷ்டப்பட்டுக் கடைஞ்சு வச்சிருக்கேன்?"

கணப்பின் அருகே உட்கார்ந்திருந்த ஒபதியா அதட்டினார். ஜேபெஸ் பதறிப்போய் மரக்குழலின் நுனியை வாயருகே கொண்டுபோனான். மறு நுனி கெதுராவின் காதில் இருந்தது. இருவருக்கும் நடுவே ஆறடி தூரம். அந்த ஆறடிக்கும் காவல், பெண்ணைப் பெற்ற ஒபதியா.

அந்தக் காலத்து அமெரிக்காவில், கனெக்டிகட் ஆற்றங்கரையில் குடியேறிய இங்கிலீஷ்காரர்கள் ஊரில், பெண்ணிடம் பேச வரும் பையனுக்கு இதுதான் மரியாதை. ஞாயிற்றுக்கிழமை ஜெபமெல்லாம் முடிந்து பொழுது சாய்ந்ததும் வரலாம், பெரியவர் கண்ணெதிரே உட்காரலாம், ரகசியமும் பேசலாம். ஆனால் குழல் வழியாகத்தான் பேச வேண்டும். "ஒரு பொட்டுச் சத்தம் வெளியே கசியாது" என்று தன் குழலைப் பற்றி ஊரெல்லாம் பீற்றிக்கொண்ட ஒபதியா, சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டோமே என்று இப்போது நொந்துகொண்டிருந்தார். உள்ளே என்ன பேசுகிறார்கள் என்று ஒரு வார்த்தைகூட அவர் காதில் விழவில்லை.

பையன் மேல் குறை சொல்ல முடியாது. நல்ல உழைப்பாளி, விதவைத் தாய்க்கு ஒரே பிள்ளை. வினை சட்டத்தில் இருந்தது. துணையில்லாத ஆள் தனிக் குடித்தனம் நடத்தக் கூடாது என்பது ஊர்ச் சட்டம். மனைவியை இழந்த ஒபதியாவுக்கு மகள்தான் குடும்பம். அவள் கல்யாணமாகிப் போன மறுநாளே ஊர்ப் பெரியவர்கள் வந்து, அவர் வீட்டைப் பூட்டிவிட்டு, யாராவது ஒரு குடும்பத்தோடு அவரை ஒட்டவைத்துவிடுவார்கள். பெண் கொடுத்த வீட்டில் போய்க் கஞ்சி குடிக்க அவருடைய ரோஷம் இடம் தராது. மிச்சம் இருப்பது சர்ச் ஊழியம் பார்க்கும் டீக்கன் லூமிஸ் வீடு.

டீக்கன் சாப்பாட்டு ஜெபத்தை ஆதாமில் ஆரம்பிப்பார். ஆமென் வருவதற்குள் சோளக்கஞ்சி கல்லாகிவிடும். முன்பு அங்கே அனுப்பப்பட்ட வயதான பிரம்மச்சாரி ஒருவர் இப்போது வேலிக் குச்சி மாதிரி நடமாடுகிறார். சொந்தக் கணப்பு, சொந்த நாற்காலி, சூடாக ஒரு வாய் கஞ்சி எல்லாம் போய்விடுமே என்று ஒபதியா நாற்காலியைக் கணப்புக்கு இன்னும் நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார்.

ஜேபெஸ் குழலுக்குள் ஏதோ முணுமுணுத்தான். கெதுரா அப்பாவை உச்சி முதல் உள்ளங்கால் வரை பார்த்தாள். பிறகு குழலுக்குள் அவளும் ஏதோ சொல்ல, இருவரும் சிரிப்பை அடக்க முடியாமல் குலுங்கினார்கள்.

"என்னடி அங்க சிரிப்பு?"

"ஒண்ணுமில்லப்பா. உங்க பல்லெல்லாம் கெட்டியா இருக்கா?"

"ஏன், நான் என்ன சந்தைக்கு வந்த குதிரையா?"

"சொல்லுங்கப்பா."

"வால்நட்டைக் கடிச்சு உடைக்கிற பல்லு! இப்ப எதுக்கு அது?"

கெதுரா குழலுக்குள் குனிந்து பதிலைச் சேர்த்தாள். ஜேபெஸ் அதை மனப்பாடம் செய்பவன்போல் தலையாட்டினான்.

"ஐயா," என்று அவன் தயங்கித் தயங்கிக் கேட்டான். "அம்மா குடுத்துவிட்ட ஆப்பிள் அடை எப்படி இருந்துச்சு? மேப்பிள் பாகு தூக்கலா வேணுமா, மட்டா இருந்தா போதுமா?"

"ஓஹோ! வாராவாரம் அடையைக் குடுத்துட்டு, பொண்ணைத் தூக்கிட்டுப் போயிடலாம்னு பாக்கறியா?"

இப்படிக் கேட்டவர்தான், கொஞ்ச நேரத்துக்கு முன்பு தட்டில் ஒட்டிய பாகைக்கூட விடாமல் வழித்து நக்கியிருந்தார்.

மறுபடியும் குசுகுசு. மறுபடியும் அவரைப் பார்த்து ஒரு சிரிப்பு. ஒபதியாவுக்குப் பொறுமை போய்விட்டது. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"போதும்ப்பா! குளிர்காலம் பூரா குசுகுசுத்து ஆச்சு. எம்பொண்ணை இப்போதைக்குக் கட்டிக் குடுக்கறதா இல்ல. அடுத்த ஞாயிறு நீ இந்தப் பக்கம் வராதே."

ஜேபெஸுக்கு முகம் வெளிறிவிட்டது. கெதுரா மட்டும் அசரவில்லை. குழலின் நுனியை அப்பாவிடம் நீட்டினாள்.

"சரிப்பா. ஒரே ஒரு கேள்விதான் பாக்கி. அதை உங்க காதாலயே கேட்டுடுங்க."

"கேக்கறேன், எனக்கென்ன பயமா?" என்று ஒபதியா வெடுக்கென்று வாங்கிக் காதில் வைத்துக்கொண்டார். ஆறடிக்கு அப்பாலிருந்து ஜேபெஸின் குரல் தெளிவாக வந்தது. குழல் நிஜமாகவே அருமையான குழல்தான்.

"ஐயா, எங்கம்மா கேட்டுட்டு வரச் சொன்னாங்க. பல்லு நல்லா இருக்கு, கை சுத்தம், மனசும் தங்கம்னு உங்க பொண்ணு சொல்லிட்டா. குறட்டையைத்தான் வாராவாரம் பிரசங்கத்துல கேக்கறாங்களே, அது பழகிப்போச்சாம். மாப்பிள்ளைக்குச் சம்மதம்னா அவங்க இந்த வீட்டுக்கே வந்துடறாங்களாம்."

"எந்த மாப்பிள்ளைக்குடா?" என்று ஒபதியா குழலை மறந்து கத்தினார்.

"உங்களுக்குத்தாம்ப்பா!" என்றாள் கெதுரா. "எங்க பேச்சு முதல் ஞாயித்துக்கிழமையே முடிஞ்சு போச்சு. அதுக்கப்புறம் இத்தனை வாரமும் உங்க கல்யாணத்தைத்தான் பேசிட்டிருந்தோம். உங்களை டீக்கன் வீட்டுக் கஞ்சிக்கு விட்டுட்டு நான் போவேனா?"

ஒபதியாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. மகளைப் பார்க்கக் கூச்சப்பட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். குழலின் நுனியை மெதுவாக வாயருகே கொண்டுபோய், ஜேபெஸின் காதுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்:

"பாகு கொஞ்சம் தூக்கலாவே போடச் சொல்லு, தம்பி."