ஏழாம் வாய்ப்பாடு

"யாரோ நம்மளப் போட்டுக் கொடுத்துட்டாங்கம்மா" என்று பெரியவள் ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்துவிட்டுக் கிசுகிசுத்தாள். கழுத்தில் அடையாள அட்டை தொங்க, கல்வி அலுவலகத்துப் பெண் அதிகாரி கேட்டைத் திறந்துகொண்டிருந்தார்.

அம்மா கையிலிருந்த சோப்பு நுரையைத் துண்டில் துடைத்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்தாள். முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

"நேத்தே வருவீங்கன்னு நினைச்சேன்" என்றாள்.

அதிகாரியின் காதில் அது விழவில்லை. ஆறு பிள்ளைகள் ஒரே நேரத்தில் "குட் மார்னிங் மேடம்" என்று கத்தினால் பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. ஏழாவதற்கு இன்னும் பேச்சு வரவில்லை. அது அம்மாவின் இடுப்பில் இருந்தபடி கையைத் தட்டியது.

சாப்பாட்டு மேஜைதான் வகுப்பறை. ஒரு கோடியில் கணக்கு, இன்னொரு கோடியில் விஞ்ஞானம், நடுவில் காலையில் சிந்திய பால். சுவரில் உலகப் படத்துக்குப் பக்கத்தில் பைபிள் வசன காலண்டர் தொங்கியது. தாள் கிழித்து நாளாகியிருந்தது.

"ஒரு போன் வந்துச்சும்மா" என்று அதிகாரி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "இந்த வீட்டுல பிள்ளைங்களுக்குப் பாடமே நடக்கறதில்லைன்னு சொன்னாங்க. விசாரிக்காம விட முடியாது. நான் ஒவ்வொருத்தரையா கேள்வி கேட்பேன். தேறலைன்னா திங்கக்கிழமையிலேர்ந்து எல்லாரும் பள்ளிக்கூடம் போயாகணும்."

"கேளுங்க மேடம்" என்றாள் அம்மா.

பெரியவளுக்கு ஐந்து வயதானபோது, சபையில் எல்லார் முன்னாலும் எழுந்து நின்று, கர்த்தர் கொடுத்த பிள்ளைகளை நானே படிக்க வைப்பேன் என்று சாட்சி சொன்னவள் அவள். அன்றிலிருந்து போதகர் வாயைத் திறந்தால் இவள் புராணம்தான். இவளைப் பார்த்து இன்னும் சில வீடுகளில் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தியிருந்தார்கள். அவள் கணவர் எலக்ட்ரீஷியன். எந்த வீட்டுக்குப் போனாலும் மின்விசிறியைக் கழற்றுவதற்கு முன்னால் மனைவியின் பெருமையைத்தான் அவிழ்த்துவிடுவார்.

இன்றைக்குத் தேறாமல் போனால் அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும்.

அதிகாரி பெரியவளிடம் பின்னக் கணக்கு கேட்டார். அவள் பேப்பரைத் தொடாமலே விடை சொன்னாள். இரண்டாமவன் இதயத்தின் நாலு அறைகளையும் படம் போட்டுக் காட்டினான், அதில் ஒன்றுக்கு ஜன்னல்கூட வைத்தான். இரட்டைப் பெண்கள் ஒரு பக்கத்தை ஆளுக்கு ஒரு வரியாக வாசித்து, அடுத்த வரி யாருடையது என்று சண்டையும் போட்டுக்கொண்டார்கள்.

அம்மா ஃப்ரிட்ஜில் சாய்ந்து நின்றபடி பார்த்துக்கொண்டிருந்தாள். யாரோ வீட்டுப் பிள்ளைகளைப் பார்ப்பது போல இருந்தது.

"மூணாவது ஆளக் கேளுங்க மேடம்" என்றாள் திடீரென்று. "அவனுக்கு ஏழாம் வாய்ப்பாடு வராது."

அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். "பரவாயில்லையே! வழக்கமா இந்த மாதிரி ஆள ஒளிச்சு வெக்கத்தான் பார்ப்பாங்க. நீங்களே காட்டிக் கொடுக்கறீங்க."

வீட்டில் அவனுக்கு அணில் என்று பெயர். மேஜை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு ஆரம்பித்தான். ஏழேழு நாற்பத்தொன்பது வரை ஓடிவந்து, ஏழெட்டில் நின்றான். எப்போதும் விழுகிற இடம் அதுதான்.

அம்மா குழந்தையை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டாள்.

"அம்பத்தாறு!" என்று கத்திவிட்டு, மிச்சத்தை ஒரே மூச்சில் எழுபதில் கொண்டுபோய் முடித்தான் அணில்.

"எப்படா படிச்ச?" அம்மாவின் குரல் தாழ்ந்திருந்தது.

"நீ சுவத்தப் பாத்துக்கிட்டே உக்காந்திருப்பல்ல, அப்போ. அண்ணன் சொல்லிக் கொடுத்தான். அண்ணனுக்கு அக்கா. நான் இவளுங்களுக்கு."

பெரியவள் தலையைக் குனிந்துகொண்டாள். "உனக்கு உடம்புக்கு முடியலன்னு நாங்களே பாத்துக்கிட்டோம்மா. யாராவது வந்து கேட்டா உனக்குக் கெட்ட பேர் வந்துடக் கூடாதுல்ல."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். பிறகு பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். "இனிமே மூணு வருஷத்துக்கு யாரும் இந்த வீட்டுப் பக்கம் வந்து தொந்தரவு பண்ண மாட்டாங்கம்மா. போதுமா?"

"மூணு வருஷம்" என்றாள் அம்மா.

பிள்ளைகள் குதித்த குதியில் பால் தம்ளர் இன்னொன்றும் கவிழ்ந்தது. பெரியவள் ஓடிவந்து அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அம்மா அவள் முதுகைத் தட்டிக் கொடுத்தாள். சந்தோஷமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை.

குழந்தையைப் பெரியவளிடம் கொடுத்துவிட்டு, அதிகாரியை வழியனுப்ப கேட் வரை நடந்தாள்.

"இந்தக் காலத்துல இப்படிப் பிள்ளைங்க கிடைக்கறதே அதிசயம்" என்றார் அதிகாரி. "யாரோ வயித்தெரிச்சல் பிடிச்சவங்க பண்ண வேலை இது. ஒரு பொம்பளக் குரல்தான். உங்களுக்கு யார் மேலயாவது சந்தேகம் இருக்கா?"

உள்ளே பெரியவள் ஜெபத்தை முடித்து எட்டாம் வாய்ப்பாட்டை ஆரம்பித்துவிட்டிருந்தாள். மற்றவர்கள் கூடவே சொல்வது தெருவரைக்கும் கேட்டது. அம்மா கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அதைக் கேட்டாள்.

"நான்தான் மேடம் போன் பண்ணேன்."