முதல் செட்

தலைமையாசிரியர் பாலசுந்தரத்தின் சைக்கிள் வாசலில் வந்து நின்றதும் வசந்தாமணிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வராமல் இருந்துவிடுவாரோ என்று காலையிலிருந்து பயந்துகொண்டிருந்தாள்.

"வாங்க சார், வாங்க," என்று அப்பா வெள்ளியங்கிரி எழுந்து ஓடினார். வீட்டின் முன்கூடமான ஆசாரத்தில் விரித்திருந்த பாயில், மாப்பிள்ளையின் அப்பா மருதாசலத்துக்குப் பக்கத்தில் அவரை உட்காரவைத்தார். உப்பும் சர்க்கரையும் மாற்றி நிச்சயம் செய்ய மோகனூரிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்திருந்தார்கள்.

வசந்தாமணிக்கு மாப்பிள்ளையைப் பற்றிக் குறை ஒன்றுமில்லை. கவலையெல்லாம் கல்யாண நாளைப் பற்றித்தான். ஜோசியர் இரண்டு முகூர்த்தம் குறித்துக் கொடுத்திருந்தார். ஒன்று பங்குனியில், பத்தாம் வகுப்பு அரசுப் பரீட்சைக்கு ஒரு வாரம் முன்னால். மற்றது வைகாசியில். தாலி ஏறிய பெண்ணைப் பரீட்சை எழுத அனுப்பும் வழக்கம் அந்தப் பக்கத்தில் கிடையாது.

"எனக்கு எந்த மாசமா இருந்தாலும் ஒண்ணுதான் அம்மிணி," என்று வெள்ளியங்கிரி முந்தின நாள் சொல்லியிருந்தார். "படிப்பு வெவகாரம் எனக்கென்ன தெரியும்? உங்க வாத்தியார் வந்து எந்த மாசஞ் சொல்றாரோ, அந்த மாசம்."

அதைக் கேட்டதும் வசந்தாமணி பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிவிட்டாள். "தன்னோட நிச்சயத்துக்குத் தானே ஆள் கூப்பிடப் போற பொண்ண இன்னைக்குத்தான் பாக்கறேன்," என்று அம்மா பொன்னாத்தாள் பின்னாலிருந்து சிரித்தாள்.

பாலசுந்தரம் வகுப்பு முடிந்து சாக்பீஸ் கையைக் கழுவிக்கொண்டிருந்தார். விஷயத்தை முழுக்கக் கேட்டார்.

"எந்த மாசம்னு என்கிட்டயே விட்டுட்டாரா?"

"ஆமாங்க சார். நீங்க சொன்னா எங்கப்பா தட்ட மாட்டாருங்க."

அவர் கொஞ்ச நேரம் அவளையே பார்த்தார். "கண்டிப்பா வரேன்," என்றார்.

அவர்மேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை. பிள்ளைகள் பரமத்தி வேலூருக்கு பஸ் ஏறிப் போகாமல் ஊரிலேயே படிக்கட்டும் என்று அந்த உயர்நிலைப் பள்ளியைத் தொடங்கியபோது, ஒன்பதாம் வகுப்புக்குப் பத்துப் பேராவது இருக்க வேண்டும் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். பையன்கள் ஒன்பது பேர் சேர்ந்திருந்தார்கள். எட்டாவதோடு நின்று கொடிக்காலில் வெற்றிலை கிள்ளிக்கொண்டிருந்த வசந்தாமணிக்காக பாலசுந்தரம் இந்த வீட்டுக்கு நாலு நடை நடந்து, வெள்ளியங்கிரியைச் சம்மதிக்க வைத்தார்.

இரண்டு கீற்றுக் கொட்டகை, ஒரு மணி, ஓர் அலமாரிக்குள் அடங்கிவிட்ட விஞ்ஞானக் கூடம். பள்ளிக்கூடம் என்றால் அவ்வளவுதான். எண்பத்திரண்டில் அதன் முதல் செட் பரீட்சைக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. "எழுதற அத்தனை பேரும் பாஸாகணும். அப்பத்தான் கட்டடம் கேக்கறதுக்கு நமக்கு வாயிருக்கும்," என்று தினமும் பிரேயரில் சொல்வார் பாலசுந்தரம்.

அரையாண்டுப் பரீட்சையில் வசந்தாமணி மட்டும் கணக்கில் போய்விட்டாள். பத்துப் பேரில் ஒருத்தி தோற்றால் பள்ளிக்கூடத்துக்குப் பத்து சதவீதம் போச்சு என்று கூடப் படிக்கும் மயில்சாமி அவளுக்குப் பட்டப்பெயரே வைத்துவிட்டான். "வழி விடுங்கடா, பத்து பர்சண்ட் வருது."

பாலசுந்தரம் அவனை வெயிலில் முட்டி போட வைத்தார். அன்றிலிருந்து அவளைக் கரும்பலகைக்குக் கூப்பிடுவதையும் விட்டுவிட்டார். எல்லோர் முன்னாலும் தன்னை அவமானப்படுத்தக் கூடாது என்று நினைக்கிறார் போல என்று அவள் எண்ணிக்கொண்டாள்.

இப்போது காப்பித் தட்டுடன் ஆசாரத்துக்கு வந்தவள், அவருக்கு எதிரில் கொஞ்சம் கூடுதலாகவே குனிந்தாள்.

"சார், போன வாரப் பரிச்சையில கணக்குல முப்பத்தொண்ணு. பாஸுக்கு இன்னும் நாலே மார்க். பெரிய பரிச்சைக்குள்ள எடுத்துருவனுங்க சார்."

"பாத்தேன்மா."

"வைகாசின்னு சொல்லிப்போடுங்க சார்."

"நீ உள்ள போ. நான் பேசறேன்."

அவள் சமையல்கட்டுக் கதவோரம் வந்து நின்றாள். மருதாசலம் தொண்டையைச் செருமினார்.

"ஏனுங்க சம்பந்தி, பொண்ணு பரிச்சை எழுதோணும்னு ஆசப்படுதாமே?"

"ஆமாங்க. ரொம்ப நாளா அதே பேச்சுத்தான்," என்றார் வெள்ளியங்கிரி.

"எழுதட்டுமே. எங்க ஊட்டுல பத்தாவது எழுதுனவங்க ஒருத்தருமில்லீங்க. எம் பையன் ஏழாவதுலயே மாட்டுக்குப் பின்னால போனவன். மாடுதான் பாஸ் பண்ணுச்சு."

வந்திருந்தவர்கள் சிரித்தார்கள். மாப்பிள்ளையும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான்.

"வைகாசியில வெச்சாலும் எங்களுக்கு ஒரு சங்கடமும் இல்லீங்க," என்றார் மருதாசலம்.

வசந்தாமணி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "அப்பறமென்ன கண்ணு, இப்பவாவது மொகத்தைத் தொடச்சுக்க," என்று பொன்னாத்தாள் அவள் தோளில் தட்டினாள்.

"எதுக்கும் வாத்தியார் ஒரு வார்த்த சொல்லிரட்டுங்க," என்றார் வெள்ளியங்கிரி. "புள்ளைக்கு எது நல்லதுன்னு அவருக்குத்தான் தெரியும்."

எல்லோரும் பாலசுந்தரத்தைப் பார்த்தார்கள். அவர் மீதிக் காப்பியை நிதானமாகக் குடித்து முடித்து, டம்ளரைக் கீழே வைத்தார்.

"பங்குனியிலயே வெச்சிருங்க."