ஏப்ரல் பத்தாம் தேதிச் சீஸ்

பார்மா ஊர்ச் சீஸ் என்று தர முத்திரை குத்த வந்த ஆய்வாளர் லெயார்கோ, கிடங்கில் வண்டிச் சக்கரம் போன்ற ஒவ்வொரு சீஸையும் சின்னச் சுத்தியலால் தட்டிக் காதுகொடுத்துக் கேட்டார். ஒன்றின் முன் நின்றுவிட்டார்.

"உள்ள என்னமோ இருக்கும்மா. சத்தம் சரியில்ல."

"போன வருஷம் செஞ்சது. என் வீட்டுக்காரர் ஒரெஸ்தே என்னை விட்டுட்டு ஓடின சமயம்" என்றாள் பால்பண்ணைக்காரி நெரினா.

"காத்துக்குமிழியா இருக்கும், விடுங்க ஐயா" என்றான் அவள் கொழுந்தன் துல்லியோ.

"நான் விட்டாலும் சட்டம் விடாது தம்பி. வெட்டிப் பார்த்துடலாம்."

வெட்டினார். உள்ளே ஒரு தங்க மோதிரம். அதில் 'நெரினா' என்று பொறித்திருந்தது.

துல்லியோ சிரித்தான். "அண்ணன் போறப்ப கல்யாண மோதிரத்தைக் கழட்டிப் பால் அண்டாவுல வீசிட்டுப் போயிருக்கான். இன்னுமா அண்ணி அவனை நினைச்சு அழறீங்க?"

நெரினாவுக்கு அவமானத்தில் முகம் சிவந்தது.

லெயார்கோ சீஸின் எண்ணைப் பதிவேட்டில் தேடினார். "ஏப்ரல் பத்து, காலைப் பால்."

நெரினா மெல்ல நிமிர்ந்தாள். "ஒன்பதாம் தேதி சாயங்காலமே அவரை ரயில் ஏத்திவிட்டேன்னு சொன்னியே துல்லியோ?"

"ஆமா, அதுக்கு முந்தியே வீசியிருப்பான்."

"அன்னைக்கு ராத்திரி அண்டாவைக் கழுவிக் கவிழ்த்தது நான். காலையில பால் ஊத்தினது நீ."

துல்லியோ பின்பக்கமாகவே நகர்ந்து போய், கிடங்கின் கதவை உள்ளே தாழிட்டான்.