பெட்டி சொன்ன வைத்தியம்

வாரத்துக்கு வீட்டுக்கு ஒரு குடம் தண்ணீர் என்று ஆகிவிட்ட பிறகுதான், மாமனார் வாங்கிக் கொடுத்த சூட்கேசுக்குள் தண்ணீரில் குளிரும், கேட்டதற்கு வாய்திறந்து பதில் சொல்லும் கம்ப்யூட்டர் ஒன்றைக் கட்டி முடித்தார் சதானந்தம். அந்த ஒரு குடத்தில் பாதி பெட்டிக்குள் போனது. கண்ணாடி போன்ற குழாய்களில் தண்ணீர் சுற்றிவரும் அழகை ஊருக்குக் காட்ட, பெட்டியைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் லாரி வரிசைக்கே போனார். காலிக் குடங்களோடு நின்றவர்கள் குழாய்களையே வெறித்துப் பார்த்தார்கள். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

இன்று மகளுக்குக் காய்ச்சல். வீட்டுக் குடம் காலி. மனைவி வசுமதி சொம்போடு பெட்டியருகே வந்தாள்.

"ஐயையோ, கை வைக்காதே! தண்ணி குறைஞ்சா சூடாயிடும்."

"புள்ளைக்கும்தாங்க உடம்பு கொதிக்குது."

"அவசரப்படாதே. இதுக்குத்தானே இதைக் கட்டி வெச்சிருக்கேன்?"

பெட்டியிடம் வைத்தியம் கேட்டார். அது கனிவான குரலில் சொன்னது: "நெற்றியில் ஈரத்துணி போடுங்கள். குடிக்க நிறையத் தண்ணீர் கொடுங்கள்."

சதானந்தம் பூரித்துப்போனார். "பாத்தியா, எவ்வளவு கரெக்டா சொல்லுது!"

"கரெக்டாத்தாங்க சொல்லுது" என்றபடி, வசுமதி குழாயைப் பிடுங்கிச் சொம்பை அடியில் வைத்தாள்.