மோட்டாருக்கு ஒரு ஜெபம்

"போர்வெல் மோட்டார் போன வாரமே முக்குச்சு, எஃபோசா. மாமியார் ஊர்ச் சூனியம்!" என்றார் மேடம் ஒசாருகே.

"எனக்கு அப்பவே ஒரு போன் பண்ணியிருக்கலாமேம்மா?" என்றான் மெக்கானிக்.

"உனக்கு ஸ்பேனர்தான் தெரியும். நேத்து பாஸ்டர் வந்தார். எங்களை உள்ளே அனுப்பிக் கதவைச் சாத்திட்டு, ரெண்டு மூப்பர்களோட போர்கிட்ட மூணு மணி நேரம் ஜெபம் பண்ணினார். பலனைப் பாரேன்! நாலு மாசமா காஞ்சு கிடந்த அவர் சபைக் குழாயில இன்னிக்குத் தண்ணி கொட்டுதாம்!"

"உங்க குழாயில?"

"ஒரு சொட்டு வரல. எனக்கு விசுவாசம் பத்தலையாம்."

எஃபோசா போருக்குள் தொங்கிய குழாயை இழுத்தான். முப்பது கிலோ மோட்டாரோடு வரவேண்டியது, ஒற்றைக் கைக்கே சுரைக்கொடிபோல ஏறி வந்தது. நுனியில் ஒன்றுமே இல்லை.

மேடம் நெஞ்சில் கைவைத்தார்.

"கர்த்தாவே! சூனியம் மோட்டாரையே முழுங்கிடுச்சே! ஓடு, பாஸ்டரைக் கூட்டிட்டு வா!"