கை மட்டும்

“ரேணு, இந்த வெள்ளைக்காரம்மாவைப் பாரேன். நம்ம மாமல்லபுரத்துல உக்காந்துகினு காரப்பொடி மீன் குழம்பு வைக்குது!”

கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்டு அனு போனை நீட்டினாள்.

‘என் வீடு, என் சாப்பாடு’ என்று தலைப்பு. பேசிக்கொண்டிருந்தவள் எல்கே. பெல்ஜியத்துக்காரி, மூன்று வருடமாக மாமல்லபுரத்தில் வீடெடுத்து இருக்கிறாள். தினமும் தான் சாப்பிடுவதைப் படம் எடுத்துப் போடுகிறாள் போலிருக்கிறது. ரேணுகாவுக்கு அவளைத் தெரியும். இப்படிப் படம் எடுத்துப் போடுவதுதான் தெரியாது.

பேச்சு எல்கேயுடையது. முகமும் எல்கேயுடையது. மீன் ஆய்ந்ததும், புளி கரைத்ததும், இறக்கும்போது நாலு பல் பூண்டைத் தோலோடு நசுக்கிப் போட்டதும் வேறு இரண்டு கைகள்.

இடது மணிக்கட்டில் எண்ணெய் தெறித்த தழும்பு.

அம்மாவின் கை.

“நாலு லட்சம் பேர் பாத்திருக்காங்கடி. சமைக்கிறது யாரோ ஆயா, பேர் வாங்கறது இது. அநியாயம்ல?”

“ம்” என்றாள் ரேணுகா. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அனு திருக்கழுக்குன்றத்தில் இறங்கினாள். ரேணுகா தன் போனில் அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்தாள். சுறாப்புட்டு, முருங்கைக்கீரைப் பொரியல், கத்திரிக்காய் போட்ட நெத்திலிக் கருவாடு. ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்க்கப் பார்க்க காது மடல் சூடேறியது. எல்லாவற்றிலும் கை மட்டும்.

மாமல்லபுரத்தில் இறங்கியவள் வீட்டுக்குப் போகவில்லை. நேராக, அம்மா சமையல் வேலை பார்க்கும் எல்கே வீட்டுக்கு நடந்தாள்.

“இன்னா ரேணுகா! ஆபீஸ் வுட்டாச்சா? வா வா, நாஸ்தா துன்னியா?”

அம்மா சின்னப்பொண்ணிடம் கற்ற தமிழ். வேறு நாளாக இருந்தால் ரேணுகா சிரித்திருப்பாள்.

“எங்கம்மா மூஞ்சி எங்க?”

“இன்னா?”

“உங்க வீடியோவுல மேடம். வர்ற வழியில முப்பது வீடியோ பார்த்தேன். ஒண்ணுல கூட எங்கம்மா மூஞ்சி இல்ல, பேர் இல்ல. மீன் ஆயறது அவங்க, குழம்பு வைக்கிறது அவங்க. கண்ண மூடிகினு ‘ஆஹா’ன்றது மட்டும்தான் உங்க சமையல். எங்கம்மா என்ன கரண்டியா?”

சமையலறையிலிருந்து சின்னப்பொண்ணு ஓடி வந்தாள். கையெல்லாம் மீன் செதில்.

“ஏய், இன்னா பேசற நீ? வாய மூடிகினு வூட்டுக்கு நட.”

“நீ சும்மா இரும்மா. நீ இப்படிப் பயந்துகினே இருக்கறதாலதான் இவங்க...”

“பயமும் இல்ல, ஒண்ணும் இல்ல. எதுனாலும் வூட்ல பேசிக்கலாம், வா.”

“மாட்டேன். இங்கதான் பேசுவேன்.” ஆபீஸில் யாரிடமும் குரல் உயர்த்தாத பெண். இப்போது தெரு வரைக்கும் கேட்டது. “சொல்லுங்க மேடம். வேலைக்காரி மூஞ்சி உங்க கிச்சனுக்கு ஒத்து வரலையா? கை அழகா இருக்கு, மூஞ்சி மட்டும் கேவலமா? இவங்கதான் எனக்குச் சமைச்சுப் போடறாங்கன்னு ஊருக்குச் சொல்றதுக்கு அவ்ளோ வெக்கமா?”

எல்கேயின் முகம் சிவந்துபோனது.

“வெக்கமா? எனக்கா?” அவள் சின்னப்பொண்ணைத் திரும்பிப் பார்த்தாள். “நான் காட்டட்டா?”

“வேணாம் எல்கேம்மா. அது சின்னப் புள்ள, ஏதோ கோவத்துல பேசுது.”

“எனக்கும்தான் கோவம் வருது, சின்னப்பொண்ணுக்கா.”

போனை எடுத்து எதையோ தேடி, ரேணுகாவின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

திரையில் அம்மா. பொங்கலுக்கு எடுத்த ஊதாப் புடவை. தலையில் பூ. கேமராவைப் பார்க்கத் தெரியாமல் எங்கோ பார்த்துச் சிரித்துக்கொண்டு, “வணக்கம்ங்க. என் பேரு சின்னப்பொண்ணு. இன்னிக்கி எங்க வூட்டுக் காரப்பொடிக் கொழம்பு எப்டி வைக்கிறதுன்னு காட்றேன்” என்றாள்.

கீழே அவள் பெயர் பெரிய எழுத்தில், தமிழில் ஒரு வரி, எல்கேயின் மொழியில் ஒரு வரி.

“ஒரு வருஷம் முன்னாடி எடுத்தது. பேர் போட்டு எல்லாம் ரெடி” என்றாள் எல்கே. “மறுநாள் வந்து, ‘இத்தப் போடாத, என் மூஞ்சி வேணாம், பேர் வேணாம், கை மட்டும் எடு’ன்னுச்சு. நானும் எத்தினி தபாவோ கேட்டுட்டேன். வேணாம்னா வேணாம்தான். ஏன்னு நீ கேளு.”

ரேணுகாவின் குரல் இன்னும் இறங்கவில்லை.

“ஏம்மா? நாலு லட்சம் பேர் உன்னைப் பாத்திருப்பாங்க, தெரியுமா? யாருக்குப் பயந்து இப்படி மூஞ்சிய மறைச்சே?”

சின்னப்பொண்ணு கையைப் புடவையில் துடைத்தாள். துடைத்த கையையே மறுபடியும் துடைத்தாள். மகளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

“அத்த எடுத்த மறுநாள் காலைல, நீ குளிச்சுகினு இருந்தப்போ, உன் ஃப்ரெண்டு அனு போன் பண்ணுச்சு. நான்தான் எடுத்தேன். ‘டீச்சர் ஆன்ட்டிங்களா? எந்த ஸ்கூல்ல இருக்கீங்க?’ன்னு கேட்டுச்சு. புதுப்பட்டினத்துலன்னு சொல்லிட்டேன். இப்ப மூஞ்சியக் காட்னா, நீ அதுகிட்ட சொல்லி வெச்சது பொய்யாப் பூடாதா, கண்ணு?”