அறுபது கிலோ செந்தாமரை

தராசில் ஏறி நின்ற செந்தாமரைக்குச் சரியாக அறுபது கிலோ. எல்லாரும் பார்த்தோம்.

மேசையில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்த இளவேனில் எடையைத் தட்டினாள். அறுபது கிலோ கபடிக்குத் தகுதியான பெண்களின் பெயர்கள் திரையில் வந்தன. செந்தாமரையின் பெயர் வரவில்லை.

"உன் பேரு வரலியேம்மா. இந்தப் பிரிவுல நீ ஆட முடியாது."

எடைக்குப் பயந்து அந்தப் பெண் காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. உதடு காய்ந்து கிடந்தது. கூட வந்தவர்கள் டீக்கடையில். எதிர்த்துப் பேசத் தெரியாமல் நின்றாள்.

எனக்கு கம்ப்யூட்டர்மேல் என்றைக்குமே நம்பிக்கை கிடையாது. மூன்றாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். நிலக்கரி மைன்ஸில் ஓடும் பெல்ட்டுக்கு அடியில் சிந்திய மண்ணை வாரியவன். கண்ணால் பார்த்ததைத்தான் நம்புவேன்.

மேசையைத் தட்டினேன்.

"ஏம்மா, தராசு பொய் சொல்லுதா, உன் பொட்டி பொய் சொல்லுதா?"

"இந்த கிரவுண்டுல நெட்டே கெடையாது தாத்தா. எல்லார் எடையையும் பிரவுசருக்குள்ளயே போட்டு வச்சிருக்கேன். அம்பத்தஞ்சுலேருந்து அறுபது வரைக்கும் உள்ளவங்கள மட்டும் எடுத்துக் குடுன்னு கேக்கறேன், குடுக்குது. இதுல பொய் எங்க வந்துச்சு?"

"அறுபதுல நிக்கிறவள என்னா பண்ணுச்சு? அதக் கேளு."

அவள் லேப்டாப்பில் எதையோ திறந்து, ஒரு வரியில் விரலை வைத்தாள். பிறகு தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள்.

கீழ் எல்லை இது, மேல் எல்லை இது, இதற்குள் தேடு என்று எழுதியிருக்கிறாள். கூடவே, மேல் எல்லையைச் சேர்க்காதே என்றும் அவளே எழுதி வைத்திருக்கிறாள். ஐம்பத்தொன்பதே முக்கால் வந்தால் உள்ளே விடும். அறுபதைத் தொட்டால் வெளியே தள்ளும். பெட்டிமேல் தப்பில்லையாம்.

அந்த வரியில் ஒரே ஒரு சொல்லை மாற்றினாள். மறுபடி தட்டினாள். வரிசையின் கடைசியில் செந்தாமரை வந்து உட்கார்ந்தாள்.

வாயால் சொன்னால் போதுமா? திரையை என் பக்கம் திருப்பச் சொன்னேன். எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்த்தேன். செந்தாமரை, காடாம்புலியூர். சரிதான்.

அந்தப் பெண் ஒரு பாட்டில் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு ஆடுகளத்துக்கு ஓடினாள்.

யாரோ என் முதுகில் குத்தினார்கள். திரும்பினேன். சரிதா. நான் பயிற்சி கொடுக்கும் எங்கள் பிளாக் டீமின் கேப்டன். முகம் உர்ரென்று இருந்தது.

"இன்னா தாத்தா, புத்தி கெட்டுப் போச்சா? போன வருஷம் ஃபைனல்ல நம்மள வாரி வுட்டவளே அவதான். பேரு வராம இருந்திருந்தா கப்பு நம்மளுது."

"போடி. வருஷம் பூரா பாடி வர்றவ காலப் புடிக்க உனக்குச் சொல்லிக் குடுத்தனே, யாரு காலுன்னு நெனச்ச?"